டயர் பார்க்கும் நேரம்

நேற்று செய்தி வந்தபோது மாலை நான்கு மணி. அலுவலகத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு அரங்கத்தின் காவலாளி போனில் பேசினார். அப்பா கதவருகே வேலை செய்துகொண்டிருந்தாராம். தலை சுற்றுகிறது என்று தரையில் உட்கார்ந்தாராம். "தண்ணி கொடுத்தேம்மா. டம்ளர் முழுசும் குடிச்சாரு. டம்ளரை வச்சிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், சாய்ஞ்சுட்டாரு" என்றார்.

அப்பா தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார் என்பது எனக்கு ஏன் இத்தனை ஆறுதலாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அவர் ஓட்டிய பேருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா டிரைவர். இளமை முழுக்கப் பால் லாரி ஓட்டினார். பண்ணையில் கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் நகரத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். நடுவில் நிற்கிற பேச்சே கிடையாது. "பால் காத்திருக்காது" என்பார். அதையே ஒரு கொள்கையாக ஆக்கிக்கொண்டுவிட்டார். பிறகு ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்தத் தொழிற்சாலை ஒரு பெண்கள் கூடைப்பந்து அணியை வைத்திருந்தது. சும்மா பெயருக்கு இல்லை. நாட்டின் முதல் பிரிவில் ஆடுகிற அணி. அவர்களை வெளியூர் ஆட்டங்களுக்கு ஏற்றிப் போகும் பேருந்து அப்பா கைக்கு வந்தது. சரக்குதான் மாறியது. ஓட்டுகிற விதம் மாறவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் அரங்கத்து வாசலில்தான் என்ஜின் நிற்கும். மற்ற அணிகளின் டிரைவர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

நானும் அந்த அணியில் இருந்தேன். ஆடினேன் என்று சொன்னால் உண்மையாக ஆடியவர்கள் சிரிப்பார்கள். பெஞ்சின் கடைசியில் துண்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த இடத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும்.

எங்கள் சென்டர் ஆட்டக்காரிக்கு அப்பா வைத்த பெயர் ஒட்டகம். கழுத்தும் காலும் நீளம் என்பதால் வைத்ததாக எல்லோரும் நினைத்தார்கள். அப்பா அதற்காக வைக்கவில்லை. எவ்வளவு தூரப் பயணமானாலும் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டதில்லை. "என் வண்டிக்கு ஏத்த ஆளு இவதான்" என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொல்வார். அவளும் "உங்க மருமக இல்லையா மாமா" என்பாள். அணியில் எல்லோருக்கும் அவர் மாமா. எனக்கு மட்டும்தான் அப்பா.

ஒட்டகம் ஆடுவதைப் பார்க்க வேண்டும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து அவள் கைக்கு வீட்டுக்கு வருவது போல வரும். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு சாபம் இருந்தது. போட்டிகள் கோடையில் நடக்கும். அரங்கங்கள் பெரும்பாலும் தகரக் கூரை. மின்விசிறிக் கம்பெனிக்காரிகள் வேர்த்து ஊற்றுகிறார்கள் என்று எதிர் அணிக்காரிகள் எங்களைக் கேலி செய்வார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் ஒட்டகம் திடீரென ஒற்றைக் காலில் நொண்டுவாள், பிறகு விழுவாள். கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தோலுக்கு அடியில் கூழாங்கல் இருப்பது போல இருக்கும். அந்தக் கல் சும்மாவும் இருக்காது, உள்ளே எலி ஓடுவது போல அசையும். பாதத்து விரல்கள் தானாகச் சுருண்டுகொள்ளும். அவள் துண்டைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் பார்த்துக்கொள்வாள். அடுத்தடுத்து இரண்டு கோடைகளில் இப்படித்தான் கோப்பையை விட்டோம்.

நாட்டு அணிக்கு ஆள் எடுப்பவர் ஒருவர் எங்கள் பயிற்சியாளரிடம் வந்து பேசினார். பயிற்சியாளர் அம்மாளை நாங்கள் விசில் என்போம். கழுத்தில் இருக்கும் விசிலைச் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். தேர்வாளர் சொன்னதை விசில் எங்கள் முன்னாலேயே ஒட்டகத்திடம் திருப்பிச் சொன்னார்: "பொண்ணு பிரமாதமா ஆடுறா, முப்பது நிமிஷத்துக்கு. ஆட்டம் நாற்பது நிமிஷம்." அந்த வருட இறுதி ஆட்டம் வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகு வேறு இளம் ஆளைத் தேடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பேருந்தில் ஒட்டகம் இருக்கையில் படுத்து, ஜன்னலுக்கு வெளியே காலை நீட்டி வைத்துக்கொண்டு வந்தாள். அப்பா வண்டியை மெதுவாக ஓட்டினார். ஆனாலும் நிறுத்தவில்லை.

கம்பெனி ஒரு பிசியோவை அமர்த்தியது. சின்ன வயது, நல்ல பிள்ளை, பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். வேர்வையில் தண்ணீரும் உப்பும் போகின்றன, களைத்த தசைக்கு நரம்பு கொடுக்கும் கட்டளை குழம்புகிறது, அதனால் சுருங்கிய தசை விரிய மறந்துவிடுகிறது என்று படம் போட்டுக் காட்டினார். ஒரே ஒரு காரணம் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது என்றும் நேர்மையாகச் சொன்னார். ஆனால் ஒன்று அவருக்குப் பிடிபடவில்லை. உள்ளூர் ஆட்டத்தில் ஒட்டகத்துக்குக் கால் இழுப்பதே இல்லை. வெளியூர் என்றால் தப்புவதே இல்லை. கூரை வித்தியாசமா, தரை வித்தியாசமா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில், எலுமிச்சையும் சர்க்கரையும் உப்பும் கலந்து ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் கொடுத்து, போகிற வழியிலேயே முடித்துவிட வேண்டும் என்றார். இறங்கியதும் கேட்பார்: "குடிச்சீங்களா?" எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம்: "குடிச்சோம் சார்."

அரையிறுதியிலும் ஒட்டகம் விழுந்தாள். மற்றவர்கள் உயிரைக் கொடுத்து ஆடியதால் மயிரிழையில் இறுதிக்கு வந்தோம். ஊர் திரும்பியதும் அப்பா பேருந்தைக் கூட்டினார். ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் ஒரு பாட்டில். ஒவ்வொன்றும் நிறைய. சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினார்.

"அந்தத் தம்பி விடியக்காலையில எழுந்து கலக்கிக் கொடுக்குது. இதுங்க சீட்டுக்கு அடியில தள்ளிட்டு வருதுங்க. கால் இழுக்காம என்ன செய்யும்?" என்றார். அதில் என் பாட்டிலும் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தையல்காரி. மிஷினில் ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். மிதியிலிருந்து காலை எடுக்காமல், தலையையும் நிமிர்த்தாமல் கேட்டாள்:

"உங்க வண்டியில எந்தப் பொண்ணு தண்ணி குடிப்பா?"

"ஏன், என் வண்டிக்கு என்ன?"

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து, உங்க வண்டியில ஏறுற அன்னிக்கு நான் தண்ணி குடிச்சதில்லை. முதல் நாள் ராத்திரியே நிறுத்திடுவேன். நீங்கதான் நிறுத்த மாட்டீங்களே."

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது அவர் முகம் போன போக்கை அம்மா பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

"நீயுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லாருமே அப்படித்தாம்பா."

அதில் ரகசியம் என்று ஒன்றும் இல்லை. பெண்கள் பயணத்துக்கு முன் குடிக்க மாட்டார்கள் என்பது பை எடுத்துக்கொள்வது போல, செருப்புப் போட்டுக்கொள்வது போல எங்களுக்கு ஒரு பழக்கம். பழக்கத்தை யாரும் காரணமாக நினைப்பதில்லை. பிசியோ கேட்ட எத்தனையோ கேள்விகளில் அது இல்லை. அந்தப் பிள்ளையிடம் வலியச் சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை. அப்படியே வண்டி நின்றாலும் எங்கே போவது? வழியில் இருக்கும் பெட்ரோல் பங்குகளில் கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தால் சாவி முதலாளியிடம் இருக்கும். முதலாளி எப்போதும் வெளியூரில் இருப்பார்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுங்க பால் இல்லைங்க. பொண்ணுங்க" என்றாள்.

அந்த வார விடுமுறையில் அப்பா மோட்டார் சைக்கிளைத் துடைத்து, அம்மாவை ஏறச் சொன்னார். இறுதி ஆட்டம் நடக்கப்போகும் நகரத்துச் சாலையில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றார். தான் உள்ளே போய்ப் பார்க்க முடியாது அல்லவா. அம்மா இந்தக் கதையைப் பிற்பாடு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை: "இத்தனை வருஷத்துல முதல் தடவையா தனியா வெளியூர் கூட்டிட்டுப் போறாரு, என்ன விசேஷம்னு பார்த்தா, கக்கூஸ் பார்க்க."

கிளம்புமுன் அம்மா ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். அப்பா எதற்கு என்று கேட்டார். "சும்மா எட்டிப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். அவசரம் இருக்கறப்பதான் எது சரியில்லைன்னு தெரியும்" என்றாள். அன்றைக்கு அம்மா வழி நெடுகக் குடித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு இடத்திலும் வெளியே வந்து தீர்ப்புச் சொல்வாள். இங்கே தண்ணீர் வருகிறது, விளக்கு இல்லை. இங்கே விளக்கு இருக்கிறது, கதவுக்குக் கீழே நாய் நுழையும் அளவுக்குச் சந்து. இங்கே பெண்கள் பக்கம் முழுக்க ஆயில் டின் அடுக்கியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் குறை ஒன்றேதான்: தாழ்ப்பாள்.

அப்பா ஒரு ஹார்டுவேர் கடையில் நிறுத்தித் தாழ்ப்பாள்களும் திருகாணிகளும் வாங்கினார். ஒரு பங்கில் அவர் கதவருகே உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தபோது மேலாளர் ஓடி வந்தாராம்.

"யோவ், எங்க கதவுக்கு நீ எதுக்குத் தாழ்ப்பாள் போடுற?"

"அடுத்த வாரம் என் பொண்ணுங்க வருவாங்க."

"எத்தனை பொண்ணுங்க உனக்கு?"

"ஒரு பஸ் நிறைய."

மேலாளர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாராம். அம்மா சிரித்துச் சிரித்துப் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாளாம். கடைசியில், பேருந்துக்கு டீசல் இங்கேதான் போடுவேன் என்று அப்பா வாக்குக் கொடுக்க, ஆயில் டின்கள் இடம் மாறின. சாவியும் கதவோரத்து ஆணிக்கு வந்தது.

விசிலிடம் போய், இறுதி ஆட்டத்தன்று ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம், வழியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்றார் அப்பா. நிற்காத டிரைவர் நிற்கிறேன் என்றதும் வண்டியில் கோளாறு என்று நினைத்துவிட்டார் விசில். வண்டியில் இல்லை, என்னிடம்தான் கோளாறு என்று சொல்லி, அப்பா எப்படியோ சுற்றி வளைத்து விஷயத்தைச் சொல்லி முடித்தார். விசில் கழுத்து விசிலை உருட்டிக்கொண்டே, "நானும் குடிக்கிறதில்லை டிரைவர்" என்றார்.

பிசியோவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஒரு திட்டமே போட்டார். போகிற அன்றைக்கு மட்டும் குடித்தால் போதாது, முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிக்கொள்ளவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக, உப்போடு. அந்தக் கலவையில் அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. பிசியோவுக்குத் தெரியாதது, சாலையில் எங்கே நின்று போகலாம் என்பது. இரண்டு பேரும் அதற்குப் பிறகு அண்ணன் தம்பி போல ஆகிவிட்டார்கள்.

இறுதி ஆட்டத்தன்று பேருந்து கிளம்பியது. எல்லோர் கையிலும் பாட்டில். யாரும் திறக்கவில்லை. பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? முதல் பங்கில் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். என்ஜின் நின்ற அமைதி எங்களுக்குப் புதிதாக இருந்தது. அப்பா எழுந்து, எங்கள் பக்கம் திரும்பாமல், கதவைப் பார்த்துச் சொன்னார்:

"டயர் பார்க்கணும். கொஞ்ச நேரம் ஆகும்."

இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினார். பிசியோ ஆர்வக் கோளாறில் எழுந்து, "எல்லாரும் போயிட்டு வந்துடுங்க, இது ரொம்ப..." என்று விளக்க ஆரம்பித்தார். அப்பா வெளியிலிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, இந்தப் பக்கம் வாங்க. நீங்களும் டயர் பாருங்க." பிசியோ இறங்கிப் போய், பேருந்துக்கு மறுபக்கத்தில் ரொம்ப அக்கறையாக டயர் பார்த்தார்.

முதலில் இறங்கியது விசில். அவருக்குப் பின்னால் ஒட்டகம். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் என்னவோ ஒரு ஆச்சரியம். "தாழ்ப்பாள் புதுசுடி, பளபளன்னு இருக்கு" என்றாள். இருக்கையில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தாள். கண்ணாடியில் அப்பாவின் கண்கள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். நகரம் வருவதற்குள் இன்னொரு முறை டயர் பார்த்தோம். இரண்டாவது தடவை கேட்டதே நாங்கள்தான்: "மாமா, டயர் பார்க்க வேணாமா?"

அரங்கம் கொதித்தது. உள்ளூர் அணிக்காகக் கத்துகிற கூட்டம். அப்பா எப்போதும் ஆட்டத்தின்போது பேருந்தில் தூங்குவார். அன்று உள்ளே வந்து எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முப்பது நிமிடம் முடிந்தபோது நாங்கள் பின்தங்கியிருந்தோம். எதிரே, தேர்வாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனிமேல்தான் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கடைசிப் பத்து நிமிடத்தின் நடுவில் ஒட்டகம் ஓட்டத்தை நிறுத்தினாள். குனிந்து கெண்டைக்காலைப் பிடித்தாள். கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து ஆரவாரம் செய்தது. அவர்களுக்கும் கதை தெரியும். பிசியோ பையைத் தூக்கிக்கொண்டார். எனக்குப் பின்னால் அப்பா எங்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது, அது அசைந்ததில் தெரிந்தது.

ஒட்டகம் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். அவ்வளவுதான். எங்கள் பக்கம் பார்த்து, என்ன என்பது போலப் புருவத்தை உயர்த்திவிட்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் ஆடியதை ஆட்டம் என்று சொல்வது குறைவு. மற்றவர்களுக்குக் கால் கனக்கிற நேரத்தில் அவள் அப்போதுதான் வந்து இறங்கியவள் போல் ஓடினாள். வளையத்தில் பட்ட பந்தெல்லாம் அவளுடையது. இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருக்க மேலே எழும்பிப் போட்டாள். சமன் ஆயிற்று. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதில் கால் இழுத்து விழுந்தது எதிர் அணியின் சென்டர். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒட்டகம் பந்தை விட்டுவிட்டுப் போய் அந்தப் பெண்ணின் பாதத்தைப் பிடித்து, விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கி அழுத்தினாள். அந்த வலியை அவளைவிட யாருக்குத் தெரியும்? பிறகு எழுந்து வந்து எங்களுக்காகக் கோப்பையை வாங்கித் தந்தாள். கடைசி விசில் ஊதியபோது முன்னால் இருந்தோம், நன்றாகவே முன்னால்.

நாங்கள் கோர்ட்டுக்குள் ஓடினோம். அவளைத் தூக்க எல்லோரும் கை நீட்டினோம். அவள் எங்களைத் தள்ளிக்கொண்டு, கோப்பை வைத்த மேசையைத் தாண்டி, கை குலுக்க நின்ற தேர்வாளரையும் தாண்டி ஓடினாள். போகிற போக்கில் பெஞ்சுக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்:

"மாமா, டயர்!"

அன்று எடுத்த படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் கோப்பை. சுற்றிலும் ஒட்டகத்தைத் தவிர நாங்கள் எல்லோரும். ஒருவர்கூடப் புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அப்பா மட்டும் தரையைப் பார்க்கிறார். அழுகிறார் என்று அம்மா சொல்வாள். வியர்வை என்று அவர் சொல்வார்.

தேர்வாளர் காத்திருந்து கை குலுக்கிவிட்டுத்தான் போனார். ஒட்டகம் நாட்டு அணியின் சட்டையைப் பல வருடங்கள் போட்டாள். முதல் சட்டையை, தோய்க்காமல், அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கி ஊற வைத்தாள்.

டயர் பார்ப்பது எங்கள் அணியோடு நிற்கவில்லை. மற்ற அணிகளின் பெண்கள் தங்கள் டிரைவர்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். நிற்காமல் ஓட்டுவதில் அப்பாவுக்கு இருந்த பெருமை நிற்பதற்கு மாறிவிட்டது. எந்தச் சாலையில் எங்கே நல்ல கதவு இருக்கிறது என்று டிரைவர்கள் அவருக்குப் போன் செய்து கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் திருப்புளி இல்லாமல் அவர் வெளியே போனதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும், மருத்துவமனைக்கு யாரையாவது பார்க்கப் போனாலும், முதலில் அம்மாவைத்தான் அனுப்புவார்: "போய்ப் பார்த்துட்டு வா." அம்மா வந்து தலையை ஆட்டினால் இவர் திருப்புளியை எடுப்பார்.

இன்று வீடு கொள்ளாத கூட்டம். பேருந்து டிரைவர் ஒருவருக்கு இத்தனை உயரமான பெண்கள் வந்து அழுவதைத் தெருக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பெட்ரோல் பங்கு மேலாளர்கூட வந்திருந்தார். "ஒரு பஸ் நிறைய பொண்ணுங்கன்னு சொன்னாரு. நான் நம்பலை" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அந்த நேரத்திலும் சிரித்துவிட்டாள். ஒட்டகம், இப்போது பயிற்சியாளர், கழுத்தில் விசிலோடு வந்திருந்தாள். அவள் உட்காரவே இல்லை. குடமும் டம்ளருமாக ஒவ்வொருவரிடமும் போய், "அழுதா உப்பும் தண்ணியும்தான் போகும், குடிங்க" என்று சொல்லிக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு டம்ளர் குடித்தாள்.

இப்போது அம்மா தூங்குகிறாள்.

மாலையில் நான் அப்பா விழுந்த அரங்கத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் உடை மாற்றும் அறைக்குக் கம்பெனி புதுக் கதவு போட்டிருக்கிறது. தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்களாம். ஒட்டகம் இப்போது பயிற்சி கொடுக்கும் பெண்கள் அதைப் பற்றி அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். தாழ்ப்பாளுக்கு நான்கு திருகாணி. இரண்டு இறுகியிருக்கின்றன. மூன்றாவது பாதி வரைக்கும் போயிருக்கிறது. நான்காவது அவர் சட்டைப் பையில் இருந்தது.